படி உன் பக்கம், கிணறு என் பக்கம்

சித்தூர்
19 ஆகஸ்ட் 2024

ரோஹிணிக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருக்க வேண்டும். நலமில்லாதவளுக்கு வீட்டை விற்கும் தெம்பு எங்கிருந்து வரும்?

நம் வீடு விலைக்கு வந்திருக்கும் சேதியை எனக்கு யார் சொன்னது தெரியுமா? எதிர்வீட்டு ஷோபா. செல்லைக் கொண்டுவந்து மூக்குக்கு நேரே நீட்டினாள். 'நூறு வருஷத்துப் பழைய பங்களா, பஜார் தெரு, சித்தூர்' என்று தெலுங்கில் கொட்டை கொட்டையாக எழுத்து. பின்னால் ஒரு நாதஸ்வரம் வேறு. வாசலுக்கு மேலே இருக்கும் சுதைச் சிங்கங்கள், 1926 என்ற எண், பர்மா தேக்குத் தூண், கலர் கண்ணாடி ஜன்னல் எல்லாம் அழகாக வருகிறது. முற்றத்துக்கு வந்ததும் கேமரா மட்டும் வானத்தைப் பார்த்துவிட்டது. நடுவில் ஓடும் சுவரைக் காட்டினால் எவன் வாங்குவான்?

'சும்மா ஒரு போட்டோ புடிச்சிக்கினு போறேன் பெத்தம்மா' என்று புரோக்கர் சாய்குமார் என் பாதிக்குள் வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவனுக்குக் காபி வேறு போட்டுக் கொடுத்தேன்.

அண்ணனும் தம்பியும் முறைத்துக்கொண்டு வீட்டை இரண்டாக்கினார்கள். படி உன் பக்கம் போயிற்று, கிணறும் அடுப்படியும் என் பக்கம் வந்தன. எனக்கு மாடி இல்லை, உனக்குத் தண்ணீர் இல்லை. இப்போது என் எத்திராஜும் இல்லை, உன் முனிகிருஷ்ணனும் இல்லை. ஒரே வீட்டுக்கு வாழ வந்த ஓரகத்திகள் நாம் இரண்டு பேர்தான் மிச்சம். என் பாதிக்கு நான்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது உனக்கு நினைவிருக்கிறதா?

ஆடி கழிந்ததும் கழியாததுமாக ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒரு புருஷன் பெண்டாட்டி செல்லில் திசை பார்த்துக்கொண்டே நுழைந்தார்கள். 'கிணறு இருக்கிற மூலை சரியில்லன்னு எங்க மாமனாரே சொல்வாரு' என்றேன். காபியைக்கூட முடிக்காமல் கிளம்பிவிட்டார்கள். ஒரு டாக்டர் வந்தார், கிளினிக் வைக்க. மாடியில் வௌவால் இருப்பதாகச் சொன்னேன். அவர் பாவம், சட்டையை உதறிக்கொண்டே போனார்.

இன்னும் எத்தனை பேரை வேண்டுமானாலும் அனுப்பு. எனக்கும் பொழுது போக வேண்டும்.

தாட்சாயணி


கொர்லகுண்டா, திருப்பதி
28 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைக் கீர்த்திதான் வாங்கிக் கொடுத்தாள். 'பெரிம்மா இன்னா எழுதிக்கிறாங்க?' என்று கேட்டாள். 'திட்டிக்கிறாங்க' என்றேன். என் மகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மாப்பிள்ளையும் அப்படித்தான், பிள்ளைகளுக்குப் பேசவும் வராது. அதனால் உங்கள் கடிதத்தை ஒளிக்க வேண்டியதில்லை, டிவி பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

போனில் பேசினால் உங்களுக்குக் கேட்பதில்லை. நான் கத்த வேண்டும். இந்த வீட்டில் கத்திப் பேச முடியாது. அதனால்தான் நானும் எழுதுகிறேன்.

சாய்குமார் நேற்று அழாத குறை. 'இன்னாம்மா இது, வர்றவங்கள எல்லாம் பெத்தம்மா வெரட்டிக்கினு இருந்தா நான் எப்டி யாபாரம் பண்றது?' என்கிறான். அக்கா, சுவர் வந்த பிறகு நீங்கள் மாடி ஏறியதே இல்லை. அங்கே வௌவால் இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

சரி. சண்டை போட எழுதவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் இங்கே ஹாலில் படுக்கிறேன். பிள்ளைகள் டிவியை நிறுத்திய பிறகுதான் பாயை விரிக்க முடியும். காலையில் பால்காரர் மணி அடிப்பதற்குள் சுருட்டிவிட வேண்டும். கீர்த்தி நல்லவள். மாப்பிள்ளை இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்னோடு அவர் மற்ற வார்த்தைகளும் அதிகம் பேசுவதில்லை. மருமகன் வீட்டுச் சோற்றை இரண்டாம் தரம் கேட்டு வாங்க எனக்கே கூசுகிறது, அவர் மேல் குறையில்லை.

என் பாதியை விற்றால் இங்கேயே இரண்டு அறையில் ஒரு வீடு வாங்கிக்கொள்ளலாம். நானே திறந்து நானே சாத்துகிற ஒரு கதவு வேண்டும் எனக்கு. ஆனால் பாதி வீட்டை வாங்க ஆளில்லை. முழு வீடாகக் கொடுத்தால்தான் ஆயிற்று. உங்களுக்குப் புத்தூரில் அண்ணன் மகன் தமிழ்ச்செல்வன் இருக்கிறான். 'அத்தை எப்ப வந்தாலும் ரூம் ரெடி' என்று அவனே என்னிடம் சொன்னான். நீங்கள் தனியாகக் கிணற்றடியில் வழுக்கி விழுந்தால் யார் பார்ப்பார்கள்?

கோபப்படாமல் யோசியுங்கள்.

ரோஹிணி


சித்தூர்
30 செப்டம்பர் 2024

ரோஹிணிக்கு,

பதில் போட நாளாகிவிட்டது. கோபம் இல்லை. நீ ஹாலில் படுக்கிறாய் என்று படித்ததும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இந்த வீட்டில் உனக்குத்தானே அந்த மாடி அறையை விட்டுக்கொடுத்தார்கள், காற்று வேண்டும் என்று நீ அடம் பிடித்ததால்? டிவி வெளிச்சம் அணையக் காத்துக்கொண்டு நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதுதான் கண்ணிலேயே நிற்கிறது. உன் மாப்பிள்ளை நல்லவராகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆகவே வாயை மூடிக்கொள்வதாக முடிவு செய்தேன். கிணற்று மூலை, வௌவால் எதுவும் இனிக் கிடையாது. சாய்குமாரிடமும் சொல்லிவிட்டேன். அவன் நம்பவில்லை.

போன வாரம் மதனப்பள்ளியிலிருந்து ஒரு அம்மா வந்தாள். காணிப்பாக்கம் பிள்ளையாரைப் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்கு இந்த வீட்டை விடுதியாக்கப் போகிறாளாம். மற்றவர்கள் மாதிரி அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு ஓடவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தாள். தூணைத் தடவிப் பார்த்தாள். சுவரைப் பார்த்து, 'அய்யோ, முற்றத்துக்கு நடுவிலா?' என்று அவளுக்கே வலித்தது போலக் கேட்டாள். பிறகு என் எதிரே உட்கார்ந்து, எனக்குக் கேட்க வேண்டும் என்று நிறுத்தி நிறுத்தி, 'மீரு எக்கடிகி வெள்தாரம்மா?' என்றாள். வீட்டைக் கொடுத்துவிட்டு நீங்கள் எங்கே போவீர்கள் என்று.

'புத்தூரு' என்று சும்மா சொல்லி வைத்தேன்.

புத்தூரில் அறை இருக்கிறது, அது நிஜம். தமிழ்ச்செல்வன் தங்கம்தான். அவன் பெண்டாட்டி பிரியங்காவும் மரியாதைக்காரிதான். போன பொங்கலுக்குப் போனபோது எனக்குத் தனி டம்ளர், தனித் தட்டு, தனி பக்கெட் எல்லாம் வைத்திருந்தாள். விருந்தாளிக்குச் செய்கிற எல்லாம் செய்தாள். விருந்தாளியாக எத்தனை நாள் இருப்பது?

அந்த அம்மா யாரோ எவளோ. அவள் கேட்டாள். நீ கேட்கவில்லை. புத்தூர் என்று நீயே முடிவு செய்து எழுதிவிட்டாய். நீ திருப்பதிக்குப் போன அன்றும் அப்படித்தான். சாவியை ஷோபாவிடம் கொடுத்துவிட்டு ஆட்டோ ஏறிவிட்டாய். நான் கிணற்றடியில் இருந்தேன், ரோஹிணி. கூப்பிடு தூரம்தான்.

தாட்சாயணி


திருப்பதி
14 அக்டோபர் 2024

அக்காவுக்கு,

மதனப்பள்ளி அம்மாவுக்கு வீடு ரொம்பப் பிடித்துவிட்டது. தீபாவளி முடிந்ததும் அட்வான்ஸ் கொடுக்கிறேன் என்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயம் இருக்கிறது. அதை உங்களுக்கு விவரமாக எழுத வேண்டும். இரண்டு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். கீர்த்தியின் பெரியவனுக்குக் காய்ச்சல், இன்றும் முடியவில்லை. இரண்டு நாளில் எழுதுகிறேன்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். வெறும் வயிற்றில் போடாதீர்கள்.

ரோஹிணி


சித்தூர்
3 நவம்பர் 2024

என் ரோஹிணிக்கு,

சேலை வந்தது.

தீபாவளிக்கு முந்தின நாள் சாய்குமார் வந்து, 'ரோஹிணியம்மா உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க' என்று பெட்டியை நீட்டினான். திறந்தால் அரக்குச் சேலை, மாம்பழக் கலரில் பட்டை பார்டர், மேலே வெற்றிலை பாக்கு, பழம். அவன் எதிரிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாகப் போயிற்று.

எழுத வேண்டும் எழுத வேண்டும் என்று இழுத்தாயே, இதுதானா? இதற்கா இரண்டு தரம் கிழித்தாய், பைத்தியக்காரி?

மாமியார் இருந்தவரை நம் இருவருக்கும் ஒரே மாதிரிச் சேலைதான் எடுப்பாள், கடையில் யார் முன்னே யார் பின்னே என்று சண்டை வரக்கூடாதென்று. நாம் இருவரும் அதைக் கட்டிக்கொண்டு பஜாரில் போனால் அக்கா தங்கையா என்று கேட்பார்கள். சுவர் எழும்பின பிறகு தீபாவளி சேலையை எனக்கு நானே எடுத்துக்கொண்டேன். எடுத்த பிறகு எப்போதும், 'உனக்கு இதே மாதிரி ஒன்று' என்று மனசுக்குள் ஓடும். ஒரு தரம்கூட எடுத்து அனுப்பவில்லை, எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. சின்னவள் நீ செய்துவிட்டாய்.

எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு உன் சேலையைத்தான் கட்டினேன். தெருவில் ஒரு வீடு விடவில்லை. 'என் ஓரகத்தி எடுத்தனுப்புனது' என்று கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். சாய்குமார் போட்டோ பிடித்தான். பார்டர் தெரிகிற மாதிரி நிற்கிறேன் இரு என்று முந்தானையை விரித்துக் காட்டினேன். உனக்கு அனுப்பினானா?

போன கடிதத்தில் உன்னைக் குத்திக் குத்தி எழுதிவிட்டேன். அதைக் கிழித்துப் போடு. புத்தூராவது வேறெங்காவது, எனக்கு ஒன்றும் பயமில்லை. என்னை நினைக்க ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது, போதும்.

தாட்சாயணி


திருப்பதி
11 நவம்பர் 2024

அக்கா,

இதை உட்கார்ந்து படியுங்கள்.

அந்தச் சேலை நான் எடுத்தது இல்லை. மதனப்பள்ளி அம்மா எடுத்தது.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். பழைய வீடு வாங்கினால், அந்த வீட்டுக்கு வாழ வந்த பெண்கள் ஒவ்வொருவருக்கும் சேலை வைத்துக் கொடுப்பார்கள். அந்தப் பெண் மனசார வாங்கிக் கட்டிக்கொண்டால் சம்மதம் என்று அர்த்தம். ஒருத்தி கண் கலங்கிக் கொடுத்த வீட்டில் விளக்கு நிற்காது என்று நம்புகிறார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள், அதே கலர். நான் வாங்கிக்கொண்டேன். உங்களுக்கு நானே எழுதி விவரம் சொல்லிவிட்டு அனுப்பச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். எழுதி எழுதிக் கிழித்தேன். 'நீ கேட்கவில்லை' என்று நீங்கள் எழுதிய பிறகு, இதை எப்படிக் கேட்பது? நல்ல நாளுக்கு முன்னால் சேர்ந்துவிட வேண்டும் என்று சாய்குமார் அவசரப்பட்டு அவனாகவே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். அவன் பிடித்த போட்டோ எனக்கு இல்லை, அவர்களுக்கு. நீங்கள் சிரித்துக்கொண்டு முந்தானையை விரித்துக் காட்டும் படம். அதைப் பார்த்துவிட்டு அவர்கள் அட்வான்ஸுக்கு நாள் குறித்தார்கள்.

உங்கள் கடிதம் அதற்கு மறுநாள் வந்தது.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். 'அவங்களே சந்தோஷமா கட்டிக்கினாங்க இல்ல, உடுங்க அத்தே' என்றார். முதல் முறையாக என்னோடு உட்கார்ந்து பேசினார். விட்டிருக்கலாம். விட்டிருந்தால் தை மாதத்துக்குள் எனக்கு ஒரு வீடு வந்திருக்கும். அன்று பாயில் படுத்துக்கொண்டு, 'கேட்காதவர்களுக்கும் சொன்னேன்' என்று நீங்கள் எழுதிய இடத்தையே படித்துக்கொண்டிருந்தேன். முடியவில்லை அக்கா.

மதனப்பள்ளி அம்மாவுக்குப் போன் பண்ணி உள்ளதைச் சொல்லிவிட்டேன். 'அப்படியானால் அந்தச் சேலை சேலையே இல்லை, பெரியம்மாவாக வாயால் சொல்கிற வரைக்கும் நான் வாங்க மாட்டேன்' என்றார்கள். இப்போது எல்லாம் நின்றிருக்கிறது.

உங்களுக்கு ஒரு சேலை எடுக்கலாம் என்று கடைக்குப் போனேன். கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். இப்போது எதை அனுப்பினாலும் அதைக் கையெழுத்துக்காக என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நினைத்தால் தப்பும் இல்லை.

திருப்பதிக்குக் கிளம்பிய அன்று உங்களிடம் சொல்லாமல் வந்தது வீம்புக்கு இல்லை. கிணற்றடிக்கு வந்து நின்றிருந்தால் நான் ஆட்டோ ஏறியிருக்க மாட்டேன். அது மட்டும் உண்மை.

ரோஹிணி


சித்தூர்
29 நவம்பர் 2024

ரோஹிணிக்கு,

சேலையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, சாய்குமாரிடம் கொடுத்துவிட்டேன். தெருவில் எல்லோருக்கும் சொன்னேனே, அவர்களிடம் போய் இனி என்ன சொல்வது? ஷோபா மட்டும் 'அந்த அரக்குச் சேலை எங்கக்கா, கட்டறதே இல்ல?' என்றாள். நல்ல நாளைக்கு வைத்திருக்கிறேன் என்றேன்.

உன்மேல் கோபமாக இருக்க வேண்டும் என்று நாலு நாள் முயற்சி பண்ணினேன். முதல் இரண்டு நாள் நன்றாகவே வந்தது. அப்புறம், நீ சும்மா இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காதே என்று தோன்றிக் கெடுத்துவிட்டது.

ஆனால் மனசு ஆறவில்லை. இப்போதைக்கு எழுதாதே.

தாட்சாயணி


திருப்பதி
8 டிசம்பர் 2024

அக்கா,

எழுதாதே என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறேன்.

வீட்டை விற்க வேண்டாம். சாய்குமாரிடம் சொல்லி அந்த வீடியோவை எடுத்துவிடச் சொல்லியாயிற்று. நீங்கள் இருக்கிற வரை அங்கேயே இருங்கள். யாரும் வந்து கதவு தட்ட மாட்டார்கள்.

எனக்கு அவருடைய பென்ஷன் வருகிறது. இங்கே ஒரு சின்ன வாடகை வீடு பார்க்கலாம் என்றிருக்கிறேன். கீர்த்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், பக்கத்துத் தெருவில்தானே இருக்கப் போகிறேன் என்று சமாதானம் சொன்னேன்.

முதல் கடிதத்திலேயே கேட்டிருக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நான் கேட்காமல் இருந்ததற்குக் காரணம் நீங்கள் நினைப்பது இல்லை. கேட்க எனக்கு என்ன உரிமை என்று நினைத்தேன். புத்தூரில் இருப்பது உங்கள் சொந்த ரத்தம். நான் யார்? அண்ணனைக் கட்டியவர் நீங்கள், தம்பியைக் கட்டியவள் நான். அவர்கள் இரண்டு பேரும் போன பிறகு நமக்குள் என்ன உறவு மிச்சம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் வாடகை வீடு பார்க்கப் போகும்போதெல்லாம் இரண்டு பேருக்கு இடம் போதுமா என்றுதான் பார்க்கிறேன்.

விற்றாலும் சரி, விற்காவிட்டாலும் சரி. என்னோடு வந்து இருப்பீர்களா? பரிதாபப்பட்டுக் கூப்பிடவில்லை. எனக்கு நீங்கள் வேண்டும்.

ரோஹிணி


சித்தூர்
21 டிசம்பர் 2024

ரோஹிணிக்கு,

நீ விற்கலாம் என்று எழுதினபோதெல்லாம் மாட்டேன் என்றிருந்தேன். விற்க வேண்டாம் என்று எழுதினாய், படித்துக்கொண்டிருக்கும்போதே விற்றுவிடலாம் என்று தோன்றிவிட்டது. என் புத்தி அப்படி, இனிமேல் உனக்குப் பழகிவிடும்.

சாய்குமாரை வரவழைத்து, மதனப்பள்ளிக்குப் போன் போடு என்றேன். 'மறுபடியும் வௌவாலா பெத்தம்மா?' என்று கையெடுத்துக் கும்பிட்டான். மறுநாளே அந்த அம்மா வந்துவிட்டாள். எதிரே உட்கார வைத்து, 'உங்களுக்கு வீட்டைக் கொடுக்கிறேன், மனசாரக் கொடுக்கிறேன், எனக்குப் போக இடம் இருக்கிறது' என்றேன். அதே சேலையைத் திரும்ப எடுத்தாள். அது வேண்டாம், வேறே கலரில் கொடு என்றேன். சிரித்துக்கொண்டே, அடுத்த வாரம் என்னையே கடைக்குக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மார்கழி போகட்டும், தையில் ரிஜிஸ்டர். நீயும் வந்து பக்கத்தில் நின்று கையெழுத்துப் போடு.

சொந்த வீடு அமைகிற வரைக்கும் வாடகைக்குத்தானே பார்க்கிறாய்? கீழ்வீடாகப் பார். எனக்கு முழங்கால் வலி, உனக்கு மூச்சு வாங்கும். மாடிக் காற்று, அது இது என்று அடம் பிடிக்காதே. நான் விடியற்காலையில் எழுந்து பாத்திரத்தை உருட்டுவேன், எனக்குச் சத்தம் கேட்காது, உனக்குத்தான் கேட்கும். காபியில் சர்க்கரை போட்டால் திட்டுவாய், திட்டிக்கொள், பாதிதான் காதில் விழும். புத்தூருக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன். தமிழ்ச்செல்வன் வருத்தப்பட்டான். நிஜமாகவே வருத்தப்பட்டான், பாவம்.

வீட்டுக்காரன் கேட்பான், யார் யார் தங்கப் போகிறீர்கள் என்று. நானும் எங்கள் அக்காவும் என்று சொல். கூடப் பிறந்தவங்களா என்பான், அவர்களுக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும். ஆமாம் என்றே சொல்லிவிடு. பொய்தான். ஆனால் நீ கேட்டாயே, நமக்குள் என்ன உறவு என்று, எனக்கு வேறு பதில் தெரியவில்லை. நான் யாரிடமும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

உன் அக்கா